பாதிக்குப் பாதி தவறவைக்கும் தேர்வு

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் காலை பத்து மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். முதல் பத்து நிமிடம் எழுதக் கூடாது, படிக்க மட்டும். அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்பு விவரங்களைச் சரிபார்க்க. பேனா தாளைத் தொடுவது 10.15க்கு. அந்தப் பத்து நிமிடத்துக்குள் நம் பிள்ளைகள் பெரிய வேலை ஒன்றை முடித்துவிடுகிறார்கள். எந்த ஐந்து மதிப்பெண் வினா தெரியும், எதைச் சாய்ஸில் விடலாம், கட்டாய வினா காலை வாருமா, ஒரு மதிப்பெண்ணில் எத்தனை போகும் என்று கணக்குப் போட்டு, எழுதத் தொடங்கும் முன்பே மனசுக்குள் ஒரு கூட்டுத்தொகை வந்துவிடுகிறது. மதியம் கேட்டில் காத்திருக்கும் அப்பா கேட்பதும் அதைத்தான்: "பேப்பர் எப்படிம்மா? ஈஸியா, டஃப்பா?"

ஈஸி என்றால் நல்ல செய்தி, டஃப் என்றால் கெட்ட செய்தி. பள்ளிக்காலம் முழுக்க இந்தச் சமன்பாடு ரத்தத்தில் ஊறிவிடுகிறது. எல்லாருக்கும் ஒரே தாள் என்கிறவரை அது பிழையான சமன்பாடும் அல்ல. தாள் எளிதாக வந்தால் மதிப்பெண் கூடும், கடினமாக வந்தால் குறையும். அவ்வளவுதான்.

வடலூர் சந்திப்பில் சென்னை பஸ்ஸுக்காகப் பையோடு நிற்கிற இளைஞர்களில் சிலர் போவது வேறு வகைத் தேர்வுக்கு. நெய்வேலி நகரியத்தின் வட்டங்களிலும் சுற்றுவட்டாரத்திலும் வளர்ந்து, பொறியியலோ செவிலியமோ முடித்து, வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் முயல்கிறவர்கள். அமெரிக்காவில் செவிலியராகப் பதிவு பெற என்கிளெக்ஸ். மேலாண்மைப் படிப்புக்கு ஜிமேட், உள்நாட்டிலேயே என்றால் என்மேட். முதுகலைக்கு ஜிஆர்இ. இவை எல்லாம் தகவமைவுத் தேர்வுகள். எழுதுகிறவரின் பதில்களைப் பார்த்து, அடுத்து எதைக் கேட்பது என்று கணினி முடிவுசெய்யும். வினாத்தாள் என்று ஒன்று முன்கூட்டியே கிடையாது. நீங்கள் எழுத எழுதத்தான் அது உருவாகிறது.

இந்தப் பக்கத்துப் பொறியாளர்களுக்கு நன்கு பழகிய கேட் தேர்வுகூட இந்த ரகம் அல்ல. அந்த மதிப்பெண்ணை வைத்து என்எல்சி இந்தியா நிறுவனம் பட்டதாரிப் பொறியாளர்களை எடுத்திருப்பதால், நெய்வேலியில் கேட் என்றால் வீட்டுக்கு வீடு தெரியும். 65 கேள்வி, மூன்று மணி நேரம். கணினியில் எழுதினாலும் எல்லாக் கேள்வியும் கண்ணெதிரே இருக்கும். முன்னும் பின்னும் போகலாம், தெரியாததை ஓரங்கட்டலாம். பத்து மணி வினாத்தாளின் பழக்கம் அங்கேயும் செல்லுபடியாகும். என்கிளெக்ஸில் ஆகாது. திரையில் ஒரே ஒரு கேள்வி. பதில் சொல்லாமல் அடுத்ததற்குப் போக முடியாது, போனபின் திரும்ப முடியாது. சாய்ஸே கிடையாது. பழைய சமன்பாட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறவருக்கு அது காலில் கட்டிய கல்லாகிவிடுகிறது.

கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த முறை வந்துவிட்டது. 1905ல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினே தொடங்கிவைத்து, பிறகு மெருகேற்றிய அறிவுத்திறன் சோதனையின் மூல யோசனையே இதுதான். அதை 1930களில் வி. வி. காமத் நம் நாட்டுக் குழந்தைகளுக்கு ஏற்றவாறு கன்னடத்திலும் மராத்தியிலும் மாற்றியமைத்தார். பினே-காமத் சோதனை இன்றும் இந்திய மருத்துவமனைகளில் அறிவுசார் குறைபாட்டை மதிப்பிடப் பயன்படுகிறது. ஒரு குழந்தையை உட்காரவைத்து, அதன் வயதுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் ஒரு படியில் கேள்விகளைத் தொடங்குவார் உளவியலாளர். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் வருகிற படி கிடைக்கும்வரை கீழே இறங்குவார். பிறகு மேலே ஏறிக்கொண்டே போய், எதற்கும் பதில் வராத படியை எட்டியதும் நிறுத்துவார்.

அந்தச் சோதனை எல்லாக் குழந்தைக்கும் தோல்வியில்தான் முடியும். மிகக் கெட்டிக்காரக் குழந்தையும் கடைசிப் படியில் எல்லாக் கேள்விக்கும் தெரியாது என்றுதான் சொல்லும். நல்ல உளவியலாளர் அதைக் குழந்தை உணராதபடி பேச்சுக் கொடுத்து, சிரித்துப் பார்த்துக்கொள்வார். கணினிக்குச் சிரிக்கத் தெரியாது. இருபத்தைந்து வயதுச் செவிலியர் சென்னையின் ஏதோ ஒரு குளிர்சாதன அறையில், காதில் சத்தமடைப்பானோடு, தன் அறிவின் விளிம்புக்குத் தன்னந்தனியாகக் கூட்டிச் செல்லப்படுகிறார். அங்கிருந்து கீழே பார்த்தால் தலை சுற்றத்தான் செய்யும்.

விளிம்புக்கு ஏன் கூட்டிப்போக வேண்டும்? தெரிந்த கேள்வி பத்து, தெரியாத கேள்வி பத்து என்று கேட்டால் ஆகாதா? இதற்குப் பதில் டென்மார்க் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960ல் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கும் ஒரு எளிய சூத்திரத்தில் கிடைக்கிறது. ஆளின் திறனையும் கேள்வியின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைத்தார் அவர். இரண்டும் சமமாக இருந்தால், அந்த ஆள் அந்தக் கேள்வியைச் சரியாகச் செய்யும் வாய்ப்பு 50 சதவீதம். ஆளின் திறன் ஒரு அலகு கூடுதலாக இருந்தால் 73 சதவீதம். இரண்டு அலகு கூடுதல் என்றால் 88.

இப்போது அளப்பவரின் இடத்திலிருந்து பாருங்கள். 88 சதவீத வாய்ப்புள்ள கேள்வியை ஒருவர் சரியாகச் செய்தால், அவரைப் பற்றிப் புதிதாக என்ன தெரிந்தது? அவர் செய்வார் என்று முன்பே தெரியும். அதேபோல, யாராலும் ஆகாத கேள்வியை அவர் தவறவிட்டாலும் ஒன்றும் தெரியவில்லை. தராசில் எடைக்கல்லை ஏற்றி இறக்கி, முள் நடுவில் நிற்கும்போதுதானே பொருளின் எடை தெரிகிறது. அந்த நடு இடம்தான் 50 சதவீதம். கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு கேள்வி தரும் தகவலின் அளவு, சரியாகும் வாய்ப்பையும் தவறாகும் வாய்ப்பையும் பெருக்கினால் வருவது. பாதிக்குப் பாதி என்றால் 0.5 × 0.5 = 0.25. அதுதான் உச்சம். 73 சதவீதக் கேள்வி என்றால் சுமார் 0.20. 88 சதவீதம் என்றால் 0.105, பாதிக்கும் குறைவு.

இதையே கேள்விகளின் எண்ணிக்கையாக மாற்றிப் பார்க்கலாம். நடுமுள் கேள்விகள் 70 கேட்டால் கிடைக்கிற துல்லியத்தை, 88 சதவீதக் கேள்விகளை வைத்து எட்ட வேண்டுமானால் சுமார் 167 கேள்விகள் வேண்டும். அளப்பவர் ஏன் ஆளை விளிம்பிலேயே நிறுத்திவைக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் கிடையாது. வன்மமோ சூழ்ச்சியோ இல்லை, நேரத்தை மிச்சப்படுத்துகிறார்.

இதன் விளைவு ஒன்றுதான் தேர்வறையில் உட்காருகிறவருக்கு முக்கியம். திறன் +1 உள்ள ஒரு செவிலியரையும் –1 உள்ள இன்னொருவரையும் எடுத்துக்கொள்வோம். கடினம் பூஜ்யமாக உள்ள கேள்விகளால் ஆன பொதுத்தாளை இருவருக்கும் கொடுத்தால், முதலாமவர் 73 சதவீதம் சரியாகச் செய்வார், இரண்டாமவர் 27. ஒருவர் சிரித்துக்கொண்டு வருவார், மற்றவர் முகம் வாடி வருவார். தகவமைவுத் தேர்வில் முதலாமவருக்கு +1 பக்கத்திலிருந்து கேள்விகள் போகும், இரண்டாமவருக்கு –1 பக்கத்திலிருந்து. இருவருக்கும் ஏறத்தாழ பாதி சரி, பாதி தவறு. இருவரும் வெளியே வந்து சொல்வது ஒரே வாக்கியம்: "பாதிக்குப் பாதி போச்சு." ஒருவர் தேறியிருப்பார், மற்றவர் தேறியிருக்க மாட்டார். அவர்கள் உணர்ந்த கஷ்டத்தில் வித்தியாசமே இருக்காது. ஊகித்துத் தட்டினாலும் சரியாகிவிடும் வாய்ப்பைக் கணக்கில் கொள்ளும் தேர்வுகளில் இந்தப் பாதி கொஞ்சம் மேலே நகரும். ஆனால் சங்கதி மாறாது.

பன்னிரண்டாம் வகுப்பில் 95 எடுத்தவருக்கு இது தாங்க முடியாத அனுபவம். வாழ்நாளில் அவர் எழுதிய எந்தத் தாளிலும் பாதிக் கேள்வி தெரியாமல் இருந்ததில்லை. என் கணிப்பில், நம் ஊர்க் கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்தத் தேர்வுகளில் தடுமாறுவதற்குப் பாடம் தெரியாததைவிட இந்த அதிர்ச்சிதான் பெரிய காரணம். தோற்றுப் பழகாதவர்கள் அவர்கள்.

சரி, கேள்வியின் கடினத்தைப் படித்து நம் நிலைமையைத் தெரிந்துகொள்ளலாமே என்று கெட்டிக்கார மூளை அடுத்த அடி எடுத்து வைக்கும். "இப்போ வந்தது ஈஸி. அப்படின்னா போனது தப்பு." கோச்சிங் சென்டர் வாசல்களில் இந்தத் துப்பறியும் வேலைக்குப் பஞ்சமில்லை. இது உருப்படாத வேலை என்பதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, கேள்வியின் கடினம் என்று கணினி வைத்திருப்பது நூற்றுக்கணக்கான பேர் எழுதிய பதில்களிலிருந்து கணக்கிட்ட எண். உங்களுக்குத் தோன்றும் கடினம் வேறு. தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு ஜிஆர்இயின் ஆங்கிலச் சொற்கள் மலையாகத் தெரியும், கணக்கு தண்ணீர் பட்ட பாடாக இருக்கும். பள்ளிக் கணக்கோடு நின்றுவிட்ட அமெரிக்க மாணவருக்கு நேர்மாறு. எண் ஒன்றுதான், உணர்வு ஆளுக்கு ஆள் மாறும். அடுத்து, கணினி கடினத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. இத்தனை கேள்வி மருந்துகளைப் பற்றி, இத்தனை தொற்றுத் தடுப்பைப் பற்றி என்ற ஒதுக்கீடு உண்டு. ஒதுக்கீட்டை நிரப்ப எளிய கேள்வி வந்திருக்கலாம். என்கிளெக்ஸில் ஒரு நோயாளியின் வரலாற்றைக் கொடுத்து, அதன்மேல் ஆறு கேள்விகளை ஒரே கட்டாகக் கேட்பார்கள். அந்தக் கட்டுக்குள் கேள்விக்குக் கேள்வி ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் தேடுவது வீண்.

கேள்வித் திருட்டும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஜிஆர்இ 1993ல் கணினித் தகவமைவுத் தேர்வாக வந்தது. மறு ஆண்டே கேப்லன் என்ற பயிற்சி நிறுவனம் தன் ஆட்களைத் தேர்வெழுத அனுப்பி, அவர்கள் நினைவில் வைத்துவந்த கேள்விகளைத் தொகுத்து, இந்தத் தேர்வில் ஓட்டை இருக்கிறது என்று காட்டியது. தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் கணினித் தேர்வு நாட்களைக் குறைத்தது, கேப்லன் மீது வழக்கும் போட்டது. 2002ல் சீனா, தைவான், தென்கொரியாவில் கேள்விகள் இணையத்தில் உலவுவது தெரிந்து, அங்கே கணினித் தேர்வையே நிறுத்தித் தாளுக்குத் திரும்பினார்கள். எப்போதும் மிகப் பொருத்தமான கேள்வியையே கொடுத்தால், சில நல்ல கேள்விகள் ஊரெல்லாம் தெரிந்துவிடும். ஆகவே பொருத்தமான கேள்வி கையில் இருந்தாலும் அவ்வப்போது அதை ஒளித்துவைத்து வேறொன்றைத் தரும்படி நிரல் எழுதியிருப்பார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேல், மதிப்பெண்ணே இல்லாத கேள்விகள். புதிய கேள்வியின் கடினம் யாருக்கும் தெரியாது. அதை எழுதிப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான். என்கிளெக்ஸில் குறைந்தபட்சம் வரும் 85 கேள்விகளில் 15 இப்படிப்பட்ட வெள்ளோட்டக் கேள்விகள். எது என்று அடையாளம் இருக்காது. நீங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு மூன்று நிமிடம் போராடிய அந்த விபரீதக் கேள்வி, ஒருவேளை யாருடைய மதிப்பெண்ணிலும் சேராத ஒன்று.

ஆக, கேள்வியின் கடினம் உங்களைப் பற்றிச் சொல்லும் செய்தி கலங்கலானது. செய்தி தெளிவாகவே இருந்தாலும் அதை வைத்துச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. போன கேள்வி தப்பு என்று உறுதியாகத் தெரிந்தாலும் இந்தக் கேள்வியை இன்னும் நன்றாகப் படிப்பதைத் தவிர வேறு என்ன செய்யப்போகிறோம்? ஆனால் துப்பறிவதற்கு மூளை ஒரு விலை கொடுக்கிறது.

கணக்குப் போடும்போது இடைத்தொகைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் செயல்நினைவு மிகச் சிறியது. நாலைந்து பொருளுக்கு மேல் அதில் நிற்காது. கவலையும் அதே இடத்தில்தான் குடியேறும். "போனது தப்போ?" என்கிற ஒரு வரி, மருந்தளவுக் கணக்கின் இடைத்தொகையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். பிரிட்டிஷ் உளவியலாளர் பேட்ரிக் ராபிட் 1966ல் காட்டியது இன்னொன்று. மிக எளிய பொத்தான் அழுத்தும் வேலையில்கூட, ஒரு தவறு செய்தபின் மனிதர்கள் அடுத்த முறை மெதுவாகிவிடுகிறார்கள். தகவமைவுத் தேர்வில் எது தவறு என்று யாரும் சொல்வதில்லை. சந்தேகமே தவறின் வேலையைச் செய்துவிடுகிறது என்று நினைக்கிறேன். பாதிக் கேள்வியில் சந்தேகம் எழும் தேர்வில் இது எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்று யோசித்துப் பாருங்கள்.

2009ல் சோஃபி லெராய் வெளியிட்ட ஆய்வும் இங்கே பொருந்துகிறது. ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குத் தாவினால், மனதின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டு, புதிய வேலை கெடுகிறது. முடித்துவிட்டோம் என்கிற தீர்மானம் இருந்தால் ஒட்டுதல் குறைகிறது. தேர்வறைக்கு இதைப் பொருத்தினால் ஒரு சின்னப் பழக்கம் கிடைக்கும். ஊகித்துத் தட்டும் பதிலையும் அரை மனதோடு தட்டக் கூடாது. இரண்டு விடைகளை ஏன் கழித்தேன், மீதி இரண்டில் இதை ஏன் எடுத்தேன் என்று ஒரு நொடி தனக்கே காரணம் சொல்லிவிட்டு, பொத்தானை அழுத்தி, கண்ணைத் திரையிலிருந்து எடுத்து, ஒரு மூச்சு விட்டு, பிறகு அடுத்த கேள்வியின் முதல் சொல்லுக்கு வரவேண்டும். காரணம் தப்பாகக்கூட இருக்கட்டும், கணக்கு முடிந்துவிட்டது.

தேர்வு எப்படிப் போனது என்கிற நம் உணர்வை நம்பலாமா? யானா வைன்ஸ்டைனும் ஹென்றி ரோடிகரும் 2010ல் ஒரு சோதனை செய்தார்கள். அதே கேள்விகள். ஒரு குழுவுக்கு எளிதிலிருந்து கடினத்துக்கு, இன்னொரு குழுவுக்குத் தலைகீழாக. மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. ஆனால் எளிதில் தொடங்கியவர்கள் நன்றாகச் செய்துவிட்டதாக நினைத்தார்கள். தொடக்கம் எப்படியோ, மொத்தமும் அப்படியே மனதில் பதிகிறது. அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுப்பதே கணினி என்றால், அந்த உணர்வு எதற்காகும்?

நெஞ்சு படபடப்பு வேறு விஷயம். அதை அடக்கு, அமைதியாக இரு என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்லி அனுப்புவார்கள். ஜெரமி ஜேமிசனும் கூட்டாளிகளும் ஜிஆர்இக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களை வைத்து 2010ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. மாதிரித் தேர்வுக்கு முன் ஒரு பாதிப் பேரிடம், படபடப்பு தேர்வைக் கெடுக்காது, உதவக்கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன, பதற்றம் வந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். மற்றவர்களிடம் அதைச் சொல்லவில்லை. முதல் குழு கணக்கில் கூடுதல் மதிப்பெண் எடுத்தது. ஆங்கிலப் பகுதியில் வித்தியாசம் இல்லை. பிறகு உண்மையான ஜிஆர்இ எழுதிவந்தபோதும் கணக்கில் அந்த வித்தியாசம் நின்றது. எச்சிலை எடுத்துச் சோதித்ததில், நன்றாகச் செய்தவர்களின் உடலில் கிளர்ச்சி குறைந்திருக்கவில்லை, கூடியே இருந்தது. அதாவது அவர்கள் அமைதியாகிவிடவில்லை. படபடப்போடேயே வேலை செய்தார்கள், அதைத் தோல்வியின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறிய ஆய்வுதான், அதன்மேல் கோட்டை கட்ட வேண்டியதில்லை. ஆனால் கேள்வியின் கடினத்தைப் பற்றி மேலே சொன்னதோடு இது ஒரே கோட்டில் வருகிறது. கஷ்டமாக இருப்பதும் மோசமாகப் போவதும் ஒன்றல்ல.

எல்லாத் தகவமைவுத் தேர்வும் கேள்விக்குக் கேள்வி மாறுவதில்லை. 2011ல் ஜிஆர்இ பகுதிக்குப் பகுதி மாறும் முறைக்குப் போனது. 2023 செப்டம்பரிலிருந்து சுருக்கப்பட்ட தேர்வில், கணக்கின் முதல் பகுதிக்கு 12 கேள்வி, 21 நிமிடம். அதில் எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பார்த்து இரண்டாம் பகுதியின் 15 கேள்வி, 26 நிமிடம். ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம். ஆகவே இங்கே பத்து மணி வினாத்தாளின் பழக்கம் ஓரளவு கைகொடுக்கும்: தெரிந்ததை முதலில், இழுப்பதைக் குறித்துவைத்துப் பிறகு. அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்கான மின்வடிவ எஸ்ஏடியும் இந்தக் குடும்பம்தான். இந்த வகையில் இரண்டாம் பகுதி எளிதா கடினமா என்பதில் கொஞ்சம் செய்தி உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடினமான இரண்டாம் பகுதி வந்தால் முதலாவது நன்றாகப் போயிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். அப்படியானால் கடினத்தைக் கண்டு கலங்குவது இரட்டை முட்டாள்தனம், வாசலில் வந்து நிற்கிற விருந்தாளியைத் திட்டியனுப்புவது போல.

ஜிமேட் கேள்விக்குக் கேள்வி மாறும் முறையிலேயே இருக்கிறது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம், மொத்தம் 64 கேள்விகள். ஒரு பகுதியின் முடிவில் நேரம் மிச்சமிருந்தால் திரும்பிப் போய் மூன்று பதில்கள்வரை மாற்ற அனுமதிக்கிறார்கள். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் திரும்பிப் பார்க்கலாம் என்கிற ஆசையே ஒவ்வொரு கேள்வியையும் அரைகுறையாக விடத் தூண்டும். மூன்று மாற்றம் என்பதைக் கைப்பிழைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

என்கிளெக்ஸைச் சுற்றித்தான் வதந்தி அதிகம். "எண்பத்தஞ்சுல மெஷின் ஆஃப் ஆயிட்டா பாஸ்" என்பது அதில் தலையாயது. நடப்பது இதுதான். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு உங்கள் திறனின் மதிப்பீடும், அந்த மதிப்பீட்டில் எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறது என்பதும் திருத்தப்படும். நீங்கள் தேர்ச்சிக்கோட்டுக்கு மேலே அல்லது கீழே இருக்கிறீர்கள் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிந்ததும் தேர்வு நின்றுவிடும். கோட்டுக்கு வெகு மேலே இருப்பவருக்கும் 85ல் நிற்கும், வெகு கீழே இருப்பவருக்கும் 85ல் நிற்கும். கோட்டை ஒட்டி இருப்பவருக்குக் கேள்விகள் நீண்டு, அதிகபட்சம் 150 வரை போகும். 86ஆவது கேள்வி திரையில் வருவதைப் பார்த்து நெஞ்சு நழுவுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, இயந்திரம் இன்னும் முடிவெடுக்கவில்லை என்பதை. இன்னும் கேட்கிறது என்றால் இன்னும் வாய்ப்பு இருக்கிறது. ஐந்து மணி நேரத் தேர்வில் மூன்றாவது மணியில் இதை நினைவில் வைத்திருப்பதுதான் கஷ்டம். ஆகவே 150ம் வரும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போவது நல்லது. முன்னால் நின்றால் லாபம்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பாடநூல்களில் ஒரு பாடம் முடிந்ததும் பயிற்சி வரும். அதிலுள்ள பத்துக் கணக்கும் ஒரே மாதிரி, எளிதிலிருந்து கடினத்துக்கு. எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டாம், பாடத்தின் தலைப்பே சொல்லிவிடும். டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007ல் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவர்கள் சில வினோத வடிவங்களின் கனஅளவைக் கணக்கிடக் கற்றார்கள். வகைவாரியாகப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்துபோட்டுச் செய்தவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது, வகைவாரியாகப் படித்தவர்கள் 20 சதவீதம், கலந்து படித்தவர்கள் 63. பயிற்சியில் சுகமாக இருந்தது தேர்வில் கைவிட்டது.

தகவமைவுத் தேர்வுக்கு இதில் இரண்டாவது லாபமும் உண்டு. கலைத்துப்போட்ட கேள்விகளைச் செய்து பழகினால், கடினம் திடீரென்று ஏறுவதும் இறங்குவதும் மனதுக்குச் சாதாரணமாகிவிடும். பழைய புத்தகங்களிலிருந்து எளிது, நடுத்தரம், கடினம் என்று நூறு கேள்விகளை வெட்டித் துண்டுச் சீட்டுகளாக்கி, ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யலாம். செய்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும், திரும்ப எடுக்கக் கூடாது. விடைகளை இடையிடையே சரிபார்க்கவும் கூடாது. முடிந்தபின் மொத்தமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் பின்பக்கத்து விடையைப் புரட்டிப் பார்க்கும் நம் பழக்கம் இருக்கிறதே, அதை முறிப்பதுதான் இதில் பாதிப் பயிற்சி. சரியா தப்பா என்று தெரியாமலேயே அடுத்த வேலையை ஒழுங்காகத் தொடங்குவது ஒரு திறமை. அதற்குத் தனியாகக் கை பழக வேண்டும்.

முதல் பத்துக் கேள்விகளில் தவறவே கூடாது, அதுதான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் என்றும் ஒரு பேச்சு உண்டு. தொடக்கத்தில் கணினிக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே மதிப்பீடு பெரிய பெரிய அடியாக ஏறி இறங்கும் என்பது உண்மை. ஆனால் தடுமாறி ஒன்றைத் தவறவிட்டால் எளிதான கேள்வி வரும், அதைச் சரியாகச் செய்தால் மதிப்பீடு மேலே திரும்பும். மீதமுள்ள கேள்விகள் இந்தத் திருத்தத்தைச் செய்யத்தான் இருக்கின்றன. முதல் பத்துக்கு நேரத்தை அள்ளிக் கொடுத்தவர்கள் மாட்டிக்கொள்வது கடைசியில். ஜிமேட்டில் முடிக்காமல் விட்ட கேள்விகளுக்குத் தண்டனை உண்டு. கணக்குப் பகுதியில் 45 நிமிடத்துக்கு 21 கேள்வி, ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். ஏழு கேள்வி முடியும்போது மீதம் 30 நிமிடம், பதினான்கு முடியும்போது 15 நிமிடம். கடிகாரத்தை அந்த இரண்டு இடத்தில் மட்டும் பார்த்தால் போதும். இரண்டாவது இடத்தில் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்று தெரிந்தால், வருகிற கேள்விகளில் மூன்றாவது வாசிப்பிலும் பிடிபடாத ஒன்றிரண்டை ஊகித்துத் தட்டிவிட்டு, மற்றவற்றுக்கு முழு நேரம் கொடுக்க வேண்டும்.